அம்மாவின் 555 கணக்கு

மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகம் என்றால் விளக்கம் வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கை அகல நோட்டு, அட்டையில் கொட்டை எழுத்தில் 555. சாமான் கடையில் கடன் சொல்லி வாங்குகிறவர்களின் கணக்கு அதில்தான் ஏறும். தேதி, பொருள், தொகை. சம்பள நாளன்று காசைக் கட்டியதும் தௌக்கே, அதாவது கடை முதலாளி, ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுப்பார். அதோடு அந்த வரி தீர்ந்தது. மலாயில் ‘புக்கு தீகா லீமா’, மூன்று ஐந்து புத்தகம், என்று யாராவது சொன்னால் நோட்டு ஞாபகத்துக்கு வருமுன் கடன்தான் ஞாபகத்துக்கு வரும்.

2022 மார்ச்சில் அம்மா தவறிப்போனார். அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, பினாங்கு ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் அவருடைய அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். சேலைகளுக்கு அடியில் ஒரு கோங் குவான் பிஸ்கட் டின். உள்ளே அப்பாவின் பழைய அடையாளக் கார்டு, மூன்று அடகுச் சீட்டுகள், அப்புறம் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய 555 புத்தகங்கள். எண்ணினேன். 26. வயிற்றைக் கலக்கிவிட்டது. இந்த அம்மா எத்தனை கடையில் கடன் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்? தரையில் உட்கார்ந்து ஒன்றைப் பிரித்தேன்.

“12-3. கேஸ் தோங் தீந்துபோச்சி. சம்பளம் 28.”

“14-3. பெரியவன் கணக்கு பேப்பர்.”

“14-3. கீழ்வீட்டு மக்சிக் கால்ல கட்டி.”

“19-3. அவரு குடி.”

தோங் என்றால் சிலிண்டர், மக்சிக் என்றால் மலாய் அத்தை. சில வரிகள் மேல் கோடு இழுத்திருந்தது, தௌக்கே செய்வதுபோலவே ஸ்கேல் வைத்து. கோட்டின் முனையில் ‘ஸ்தோ’ என்று ஒரு குறிப்பு. ஸ்தோத்திரம் என்று முழுதாக எழுத அம்மாவுக்குப் பொறுமை கிடையாது. செபராங் பிறையில் ஒரு தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அவருக்கு அந்த ‘ஸ்தோ’வே பெரிய வேலை.

26 புத்தகங்களில் ஒன்றுதான் கடைக் கணக்கு. மற்ற 25-உம் அம்மா ஆண்டவரிடம் வைத்த கணக்கு.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. ஒரு கஷ்டம் என்று வாயைத் திறந்தால் “ஜெபம் பண்ணும்மா” என்று நம் ஆட்கள் உடனே சொல்லிவிடுவார்கள். மருந்துச் சீட்டு எழுதுகிற வேகத்தில் சொல்வார்கள். எப்படிப் பண்ணுவது என்று யாரும் சொல்வதில்லை. நான் தமிழ் மெதடிஸ்ட் சபையில் பிறந்து வளர்ந்தவள். ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள். ஆனாலும் ஐம்பது வயதுவரை எனக்குச் சரியாக ஜெபிக்கத் தெரியாது என்றுதான் இப்போது தோன்றுகிறது. கண்ணை மூடினால் வார்த்தைகள் வரும். எல்லாம் யாரோ மேடையிலிருந்து பேசிய வார்த்தைகள். “பரம தகப்பனே, இந்த நல்ல நேரத்திற்காக...” என்று தொடங்கி ஒரு சுற்றுச் சுற்றி ஆமென் வந்துவிடும். கேஸ் தோங் தீர்ந்த விஷயம் அதில் எங்கேயும் இருக்காது.

எங்கள் வீடு ஒன்பதாவது மாடி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பினாங்கு மலை. 833 மீட்டர்தான், ஆனால் ஒரு தீவில் அது பெரிய மலை. 1923-இலிருந்து அதன்மேல் ரயில் ஏறிக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் திரும்பினால் கெக் லோக் சி கோயிலின் குவான் யின் சிலை. காலையில் மேகம் இறங்கினால் இரண்டும் மறைந்துவிடும். அம்மா அடுப்பில் கோப்பித் தண்ணியை வைத்துவிட்டு அந்த மேகத்தைப் பார்த்துச் சொல்வார்: “எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்.” சங்கீதம் 121. சிறு வயதில் எனக்கு ‘பர்வதங்கள்’ என்றால் பினாங்கு மலை என்று நினைப்பு. எருசலேமுக்குப் பண்டிகைக்கு ஏறிப்போகிறவர்கள் பாடியது என்று ஞாயிறு பள்ளி டீச்சர் சொன்னபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

நம் பழைய வேதாகமத் தமிழைப் பற்றி இளையவர்களுக்கு நிறையக் குறை உண்டு. தரங்கம்பாடியில் 1715-இல் புதிய ஏற்பாடு அச்சாகி 300 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த வாடை இன்னும் போகவில்லை என்பார்கள். பர்வதம், ஏறெடுத்தல், எல்லாம் சரிதான், யாரும் பேசுகிற தமிழ் இல்லை. ஆனால் அதே வரியில் ‘ஒத்தாசை’ உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். அது வீட்டுச் சொல். அத்தை ரசத்துக்குப் புளி கரைக்கக் கூப்பிடும்போது சொல்வது. கல்யாண வீட்டில் வெங்காயம் உரிக்க ஆள் போதவில்லை என்றால் சொல்வது. யாராவது ஒரு கை வந்து கூடப் பிடிப்பதற்குப் பெயர் ஒத்தாசை. வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரிடமிருந்து வரப்போகிறது என்று அடுத்த வசனம் சொல்வதும் அதைத்தான். புதிய மொழிபெயர்ப்புகளில் ‘உதவி’ என்று மாற்றிவிட்டார்கள். எனக்கு அதில் பாதி ருசி போய்விட்டது.

எங்கள் பக்கத்துச் சாலைகளில் அடிக்கடி பேனர் கட்டுவார்கள்: அற்புதப் பெருவிழா, அற்புத சுகமளிக்கும் கூட்டம். அம்மாவும் போயிருக்கிறார், தப்பாக ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் அந்த 25 புத்தகங்களையும் படித்து முடித்தபோது ஒன்று கவனித்தேன். அற்புதம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அவர் கேட்டதெல்லாம் ஒத்தாசை. “சிறியவளுக்குக் காய்ச்சல் எறங்கணும்” என்று எழுதி, அதற்குக் கீழேயே “பனடோல் இருக்கு” என்றும் எழுதியிருக்கிறார்.

அப்பாவின் குடி விஷயத்துக்கு வருகிறேன். சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை விட்டுவிட்டு இந்தப் புத்தகங்களைப் பற்றிப் பேசுவது ஏமாற்று வேலை.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நல்ல மனிதர், வெள்ளிக்கிழமை சம்பளம் வாங்கும்வரை. “அவரு குடி” என்ற வரி முதல் புத்தகத்திலேயே தொடங்குகிறது. மாதம் ஒருமுறை, சில மாதங்களில் நான்கு முறை. அதற்கு மேல் கோடு கிடையாது. ஒவ்வொரு புதுப் புத்தகம் தொடங்கும்போதும் தௌக்கே பழைய பாக்கியை முதல் பக்கத்தில் ஏற்றுவாரே, அம்மாவும் அப்படியே ஏற்றியிருக்கிறார். “பழைய பாக்கி: அவரு குடி.” 

இதற்காக அம்மா செய்யாத காரியம் இல்லை. உபவாசம் இருந்தார். ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா வரும். 26-ஆம் தேதியை ஒட்டிப் பத்து நாள் ஊரே கூடும். பக்கத்து வீட்டு அக்கா முருக பக்தை, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் பால்குடம் எடுப்பவர். அவர்தான் “வா, ஒரு மெழுகுவர்த்தி ஏத்திட்டு வருவோம்” என்று அம்மாவை ஃபெரியில் அழைத்துப் போனார். மெதடிஸ்ட் பெண்ணும் இந்துப் பெண்ணும் கத்தோலிக்கக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி, ஊற்றுத் தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் பாஸ்டருக்குத் தெரிந்து லேசாகக் கடிந்துகொண்டார். அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த வருஷமும் போனார். அந்தக் கோயில் 2019-இல் பசிலிக்கா, அதாவது பெருங்கோயில், ஆகிவிட்டது. செய்தியைப் படித்துக் காட்டியபோது, “நான் அப்பவே சொன்னேன், பெரிய எடம்னு” என்றார்.

பாஸ்டர் ஒருமுறை வீட்டு ஜெபத்தில் அப்போஸ்தலர் பவுல் ‘முள்’ என்று சொன்ன தீராத வேதனையைப் பற்றிப் பேசினார். பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் எடுபடவில்லை, “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில்தான் வந்தது. நல்ல பகுதிதான். ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரி சமையலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு மூன்று பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் அதைச் சீக்கிரமாகச் சொல்லிவிடக் கூடாது என்பது என் எண்ணம். ஒரு வசனம் உண்மையாக இருக்கலாம். காயத்தைக் கழுவாமல் அதை மேலே ஒட்டினால் உள்ளே சீழ்தான் பிடிக்கும். அதே வேதாகமத்தில்தான் “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்றும் இருக்கிறது. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 88-ஆம் சங்கீதம் ஒரு ஆறுதல் வரிகூட இல்லாமல் முடிந்துபோகிறது. அதை ஞாயிறு ஆராதனையில் வாசித்து நான் கேட்டதே இல்லை. 

1996-இல் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு, எல்லாம் போனது. அதன்பிறகு இரண்டு வருஷம் படுக்கை. குடிக்கவில்லை, குடிக்க முடியாது. அந்த ஆண்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். “பழைய பாக்கி: அவரு குடி.” கோடு இல்லை. பக்கத்தில் ஒரே ஒரு கேள்விக்குறி.

அதைப் பார்த்துவிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. தீர்ந்தது என்று அடிக்கவும் மனம் வரவில்லை, தீரவில்லை என்று அடுத்த புத்தகத்துக்கு ஏற்றவும் முடியவில்லை. அம்மா படித்த மூன்றாம் வகுப்பில் கேள்விக்குறியை யாரோ நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

என் கதைக்கு வருகிறேன். 2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எங்கள் வீட்டில் வருமானம் இரண்டு. என் கணவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். நான் பாயான் லெப்பாஸில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தேன். பள்ளி மூடியது, வேன் நின்றது. தொழிற்சாலை பாதிச் சம்பளம் என்றது, பிறகு அதுவும் நின்றது. லோன் தவணையை ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். ஐ-லெஸ்தாரி என்று இபிஎப் சேமநிதிக் கணக்கிலிருந்து மாதம் 500 வெள்ளி (ரிங்கிட்) வரை எடுக்க விட்டார்கள். வயதான காலத்துக்கு வைத்திருந்த காசில் மீன் வாங்கித் தின்றோம். 2021-இல் பள்ளியைத் திறந்தார்கள், மூடினார்கள், திறந்தார்கள், மூடினார்கள். வேனின் பேட்டரி செத்துப்போனது.

அப்போது நான் ஜெபித்தேனா? நிறைய. வாட்ஸ்அப்பில் எத்தனை கும்பிடு கைகள் வந்தன என்று எண்ணியிருந்தால் ஒரு சபையே கட்டலாம். ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல் யூடியூப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஊழியக்காரர் ‘விதைக் காணிக்கை’யைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். 300 வெள்ளி விதைத்தால் கடன் சங்கிலி அறுந்துவிடுமாம். கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான். வட்டி விகிதம் தெரிந்தவள். ஆனாலும் கைத்தொலைபேசியில் வங்கி ஆப்பைத் திறந்து, எண்ணைப் போட்டு, தொகையையும் அடித்துவிட்டேன். அந்த நேரம் அம்மா பாத்ரூமுக்கு எழுந்து வந்தார். “என்னா பண்ற இந்நேரத்துல?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று ஆப்பை மூடினேன். இப்போதும் அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் தணியவில்லை. பயந்திருப்பவர்களின் பையில் கையை விட ஆண்டவரின் பெயரை எடுத்துக்கொள்கிறவர்களுக்கு என்ன சொல்வது?

அந்த ஜூன் கடைசியில்தான் வெள்ளைக்கொடி வந்தது. சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் ஜன்னலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுங்கள், அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள் என்று நாடு முழுக்கச் செய்தி பரவியது. எதிர் பிளாக்கில் ஐந்தாவது மாடியில் ஒரு தலையணை உறை தொங்கியது. பூப்போட்ட உறை, வெள்ளைகூட இல்லை. அம்மா ஜன்னலோரம் நாற்காலி போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் அந்த வீட்டு வாசலில் மூன்று பேர் வந்துபோனார்கள். ஒரு சீனப் பையன் முட்டைத் தட்டோடு வந்தான்.

“வெக்கம் போச்சு பாரு, சோறு வந்துருச்சு” என்றார் அம்மா. நான் பதில் சொல்லவில்லை. நம் வீட்டு ஜன்னலில் துணி கட்ட என்னால் முடியாது என்று அவருக்குத் தெரியும்.

புதன்கிழமை ஜெபக் கூட்டம் அப்போது ஸூமில் நடக்கும். விண்ணப்பங்கள் சொல்கிற நேரம். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு: “சொல்ல முடியாத ஒரு விண்ணப்பம், சகோதரிகள் ஜெபத்துல தாங்குங்க.” இதில் தப்பில்லை, எல்லாவற்றையும் கூட்டத்தில் சொல்ல முடியாது. சொன்னால் “ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்” என்று அதை ஊர் முழுக்கக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. நானும் அன்றைக்கு “சொல்ல முடியாத விண்ணப்பம்” என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தலையை நீட்டி, அவருடைய காது மட்டும் திரையை அடைத்துக்கொண்டு தெரிய, சத்தமாகச் சொன்னார்:

“வீட்டுல அரிசி பத்து கிலோ இருக்கு. மீன் இல்ல. மருமகனுக்கு ஓட்டம் இல்ல, வேன் பேட்டரி செத்துப்போச்சு. இதுக்குத்தான் ஜெபம் பண்ணணும்.”

பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. யாரோ மைக்கை அணைக்க மறந்து சிரித்தது கேட்டது. பாஸ்டர் அதற்காகவே ஜெபித்தார், பேட்டரி என்ற வார்த்தையையும் சேர்த்து. மறுநாள் காலை ஒருவர் வந்து பேட்டரிக்கு ஜம்பர் போட்டார். சார்டின் டின்னும் மைலோவும் வந்தன. அது வருமென்று எதிர்பார்த்தேன். எதிர்பார்க்காதது ஒன்று: சபையில் அதிகம் பேசாத ஒரு அண்ணன், பாசாரில் காய்கறி மொத்த வியாபாரம் செய்கிறவர், “வேன் சும்மாதானே நிக்குது, காலைல வீடு வீடாக் காய் போட முடியுமா?” என்று என் கணவரைக் கேட்டார். எட்டு மாதம் அந்த ஓட்டத்தில்தான் நாங்கள் நின்றோம். ஸ்கூல் வேனில் முட்டைக்கோஸ் போனது.

அந்த அண்ணன் ஜெபித்துவிட்டு வந்தாரா, வியாபாரக் கணக்குப் போட்டுவிட்டு வந்தாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கும். அவர் காதில் விழுந்தது எங்கள் பாடு, அதுவும் பேர் சொல்லி. “சகோதரிக்குச் சொல்ல முடியாத விண்ணப்பம்” என்று மட்டும் கேட்டிருந்தால் அவருக்கு முட்டைக்கோஸ் ஞாபகம் வந்திருக்காது.

அதற்குப் பிறகுதான் மத்தேயுவின் அந்த வசனம் எனக்குப் பிடிபட்டது. “அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்.” அது அறிவுரை மாதிரித் தெரியும். பாடு என்பதை நாம் வீட்டில் சொல்கிற அர்த்தத்தில் எடுத்துப் பாருங்கள்: பெரும்பாடு, படாதபாடு. நாளையையும் அடுத்த மாதத்தையும் சேர்த்து ‘என் கவலைகள்’ என்று மொத்தமாக மூட்டை கட்டினால் அதைத் தூக்கவும் முடியாது, யாரிடமும் கொடுக்கவும் முடியாது. “பேட்டரி” என்று எழுதினால் அதற்கு ஒரு விலை உண்டு, ஒரு கடை உண்டு, ஜம்பர் கேபிள் வைத்திருக்கிற ஓர் ஆள் உண்டு. எழுதி முடித்ததும் அதில் பாதி நான் செய்ய வேண்டிய வேலை என்று தெரிந்துவிடும். என் கைக்கு எட்டாத மீதிப் பாதிதான் உண்மையில் ஜெபம்.

அம்மாவுக்கு 2021 கடைசியில் இருதயம் பலவீனமாகிவிட்டது. கால் வீங்கும், படுத்தால் மூச்சு வாங்கும். மூன்று தலையணை வைத்துத் தூங்குவார். உடம்பில் நீர் தங்காமல் இருக்கத் தண்ணி மாத்திரை கொடுத்தார்கள். தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் எடை சட்டென்று ஏறினால் உடனே வரச் சொன்னார்கள். அம்மா எடையையும் 555-இல் எழுதினார். “61.2. ஸ்தோ.” “62.8. கருவாடு தின்னுட்டேன். மன்னியும்.” 

உறவுக்காரர் ஒருவர் வந்தார். நன்றாக ஜெபிப்பார், மணிக்கணக்கில். முடித்துவிட்டு, மாத்திரையை நிறுத்துங்கள், மாத்திரை இருக்கிறவரை விசுவாசம் முழுமையாகாது என்றார். நான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஜெபவீரரை வாசல்வரை கொண்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டும் என்று சொன்னவர் இயேசுதானே? பவுல் தன் கூட்டாளி லூக்காவைப் ‘பிரியமான வைத்தியன்’ என்றுதானே எழுதினார்? இதையெல்லாம் அவரிடம் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. மனதுக்குள் சொல்லிக்கொண்டு செருப்பை எடுத்துக் கொடுத்தேன். அம்மா உள்ளே இருந்து, “போய்ட்டாரா? தண்ணி குடு, மாத்திரை போடணும்” என்றார்.

கடைசி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில். அப்போது நோயாளிக்குத் துணையாக ஒருவர்தான் இருக்கலாம். நான் இருந்தேன். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, நான் கண்ணை மூடிச் சுகத்துக்காக ஜெபித்துக்கொண்டிருந்தபோது ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டுச் சொன்னார்: “பொழைக்கறதுக்குப் பண்ணாத. மூச்சு வாங்காம இருக்கறதுக்குப் பண்ணு. அது போதும்.” 

அப்படியே ஜெபித்தேன். மலாய் நர்ஸ் வந்து படுக்கையின் தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தி, முதுகுக்குப் பின்னால் ஒரு போர்வையை மடித்து வைத்தாள். மூச்சு கொஞ்சம் சீரானது. 

பேதுரு எழுதிய ஒரு வரி அம்மாவுக்கு மனப்பாடம்: “அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்.” இன்றைக்கு விசாரணை என்றால் போலீஸ் ஞாபகம்தான் வருகிறது. ஆனால் அம்மா தலைமுறைக்கு விசாரிப்பது என்றால் வாசலில் நின்று “பசியாறிட்டீங்களா, கால் வலி எப்படி இருக்கு, சின்னவன் சாப்பிடறானா” என்று கேட்பது. அந்த வார்டில் நிறைய விசாரித்தார்கள். பக்கத்துப் படுக்கைச் சீனப் பாட்டியின் மகள் தினமும் எனக்கும் சேர்த்துக் கோப்பி வாங்கி வந்தாள். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த மலாய் ஒன்றுதான்.

என் கணவருடைய வேனில் ஒரு ஸ்டிக்கர் உண்டு. “கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்.” அதே 121-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம். ‘போக்குவரத்து வசனம்’ என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். அடக்கத்தன்று சவ வண்டிக்குப் பின்னால் அந்த வேன்தான் போனது. ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டே போனேன். வரத்தைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. போக்கு மட்டும்தான் தெரிந்தது.

இப்போது நானும் ஒரு 555 வைத்திருக்கிறேன். அம்மாவின் கடைசிப் புத்தகத்தில் பாதிப் பக்கம் காலியாக இருந்தது, அதிலேயே தொடர்ந்தேன். “பழைய பாக்கி” என்று அவர் ஏற்றி வைத்திருந்த வரிகள் என் பெயருக்கு வந்துவிட்டன. தம்பியின் விவாகரத்து. கீழ்வீட்டு மக்சிக்கின் பேரன். யாரென்றே எனக்குத் தெரியாத ‘முட்டாய் கடைக்காரர் மக’. அவளுக்காகவும் வாரம் ஒருமுறை ஜெபிக்கிறேன், என்ன பிரச்சினை என்று தெரியாமல். 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்ற வேண்டும் என்று நான்கு நாள் தண்ணீரை நிறுத்தினார்களே, அதுவும் இருக்கிறது: “10-1. தண்ணி இல்ல. லிஃப்டும் மக்கர்.” ஒன்பது மாடி. அதற்குமேல் நான்கு நாளும் கோடு விழவில்லை. வியர்வைக் கறை மட்டும் விழுந்தது.

எல்லா நாளும் நான் அந்தப் புத்தகத்தைத் திறப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில வாரம் கைப்பையிலேயே கிடக்கும். திறந்தாலும் சில நாள் எழுத மட்டும்தான் முடியும், ஜெபம் வராது. எழுதியதே போதும் என்று மூடிவிடுவேன்.

அந்த ஒரே ஒரு கடைக் கணக்குப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதில் 41 வெள்ளி 60 காசு பாக்கி இருந்தது. நல்லெண்ணெய், மிளகாய்த் தூள், கருவாடு. (கருவாடு! எடை ஏறிய வாரம்தான்.) அலமாரியை ஒழித்த அந்த வாரக் கடைசியிலேயே கீழே இறங்கிப் போனேன். தௌக்கேக்கு அம்மாவைவிட இரண்டு வயது கூட. முப்பது வருஷமாக அதே சிங்லெட், அதே ஃபேன். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கையை நீட்டினார். கைப்பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். புரட்டிக்கொண்டே போனார். தமிழ் அவருக்குத் தெரியாது, ஆனால் தேதியும் கோடும் தெரியும். நெற்றியைச் சுருக்கினார். அப்போதுதான் பார்த்தேன், அவசரத்தில் மற்றப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

“இது என் கையெழுத்து இல்லை” என்றார் மலாயில். “இவ்வளவு பாக்கி நிற்கிறதே. இது எந்தக் கடை?”

“வேற கடை, தௌக்கே.”

அவர் கடைசிப் பக்கத்தை இன்னொரு முறை பார்த்தார், கோடு விழாத வரிகளை விரலால் தடவி எண்ணினார்.

“இத்தனை வருஷம் கடன் கொடுத்திருக்கிறான். பெரிய கடைதான்” என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். டிராயரைத் திறந்து ஸ்கேலைத் தேட ஆரம்பித்தார்.